சுரங்கம் தோண்டுவோர் கவனத்துக்கு

கொழும்பில் ஒரு கனவான் காலையில் அரை மணித்தியாலம் வாகன நெரிசலில் நின்றால் அது தேசியப் பிரச்சினை. உடனே ஆய்வுக்குழு கூடும், வெளிநாட்டு நிபுணர் வந்து இறங்குவார், மேசையில் வரைபடம் விரியும். மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் இலகு ரயில் அப்படித்தான் ஜப்பான் கடனில் உருவெடுத்தது. 2020 செப்டெம்பரில், செலவு தாங்காது என்று அதற்கு மூடுவிழாவும் நடந்தது. கண்டிக்கு வேறு வைத்தியம்: நகரத்துக்கு அடியால் சுரங்கவீதி தோண்டக் கொரியாவோடு பேச்சு. 2015இல் இந்திய அமைச்சர் நிதின் கட்கரி இன்னும் ஒரு படி மேலே போய், இராமேசுவரத்தையும் தலைமன்னாரையும் பாலத்தாலும் கடலடிச் சுரங்கத்தாலும் இணைக்கப் போவதாகச் சொன்னார். அப்படியொரு பேச்சே இல்லை என்று கொழும்பு கைவிரித்தது. தோண்டியது ஒரு முழமும் இல்லை.

ஐயாமாரே, நிலத்துக்குக் கீழே போவது பற்றி வன்னியைக் கேட்டிருக்கலாமே! எங்களிடம் நீண்ட அனுபவம் உண்டு. 2009இன் முதல் மாதங்களில், போரின் கடைசிக் கட்டத்தில், வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் சனம் தோண்டிய பதுங்கு குழிகளுக்குச் சாத்தியக்கூற்று அறிக்கை இருக்கவில்லை. கடற்கரை மணல் சரியாமல் இருக்கப் பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள், கூறைச்சேலையும் தப்பவில்லை. எந்த வங்கியும் கடன் தரவில்லை, எந்த நிபுணரும் வந்து பார்க்கவில்லை. அதற்கு முன்பே ரயில் பாதையும் மண்ணுக்குள் போய்விட்டது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் காவலரண்களுக்குக் கூரையாகின.

1990 ஜூன் 13இல் நின்ற யாழ்தேவி ரயில் 2013 செப்டெம்பர் 14இல்தான் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது. இந்தியக் கடன், இர்கொன் நிறுவனத்தின் வேலை, மாலை மரியாதை, கொடியசைப்பு. எல்லாம் திறம். ஒன்றுதான் மறந்துபோனது: வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சனம் அந்தப் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பது.

மறதிக்கு மருந்தாக வந்தவர்தான் ரயில் கடவைக் காவலாளி. தகரக் கொட்டில், ஒரு கதிரை, சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி, கையால் இழுத்து மறிக்க ஒரு தடி. இவர்களை ஆளணியில் சேர்க்க ரயில்வே திணைக்களத்துக்கு மனம் வரவில்லை. பொலிஸ் ஊடாகப் பிடித்து நிறுத்தினார்கள். நாளொன்றுக்கு 250 ரூபா. நாட்கூலி 400 ரூபாவுக்குக் குறையக் கூடாது என்று 2016இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் கொழும்பிலிருந்து ரயில் ஏறவில்லை போலும். அதன் பிறகும் காவலாளி கையில் விழுந்தது 250 ரூபாதான். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் இருந்தபோது, அதிகாரிகள் வந்து மனுவை வாங்கிக்கொண்டு போனார்கள். மனு வாங்குவதில் நமது அதிகாரிகளை யாரும் குறை சொல்ல முடியாது.

காவலாளி இல்லாத கடவைகளின் கதை அதைவிட மோசம். 2019 ஜூனில் கிளிநொச்சியில் ரயில் மோதி இராணுவ வாகனத்தில் வந்த படையினரே மாண்டார்கள். படைவண்டிக்கே இந்தக் கதி என்றால் பள்ளிக்கூடச் சைக்கிளை யார் பார்க்கப் போகிறார்கள்?

முல்லைத்தீவுக்கு இந்த ஆபத்து இல்லை. அங்கே ரயிலே இல்லை! மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீற்றர் பஸ்ஸில் குலுங்க வேண்டும். 2009 மே மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் வெளியேறிய வட்டுவாகல் பாலம் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய பாலம். அதற்குப் பதிலாகப் புதிய பாலத்துக்கு வேலை தொடங்கவே 2025 செப்டெம்பர் ஆனது. தலைநகரில் ஒரு நிமிடத்துக்கும் விலை போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதினாறு வருடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தெரியவில்லையா?

சுரங்கம் தோண்டுங்கள், தூணில் ரயில் ஓட்டுங்கள். நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. அதற்கு முன், கடவைக்குக் கடவை ஒரு கேற் போடுங்கள். அதைக் காத்து நிற்பவரை ரயில்வே ஊழியராக்கி முழுச் சம்பளம் கொடுங்கள். இதற்கு ஜப்பானும் வேண்டாம், கொரியாவும் வேண்டாம். கொழும்பில் ஒரு கையெழுத்துப் போதும். அந்தக் கையெழுத்தைப் போட வக்கில்லாத அரசுக்குச் சுரங்கம் பற்றிப் பேச அருகதை இல்லை.