ஓரிரு இடங்களில்

‘வட தமிழக மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.’ தமிழில் இதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் இன்னும் எழுதப்படவில்லை என்பது என் கட்சி. பெய்தால், ‘சொன்னோமே!’ பெய்யாவிட்டால், நம் வீடு அந்த ஓரிரு இடங்களில் இல்லை.

ஆனால் வானிலை மையத்தார் சும்மா சொல்வதில்லை. ‘ஓரிரு’ என்றால் மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசிக்குள்; ‘ஒருசில’ என்றால் பாதி வரை. 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டரைத் தொட்டால்தான் கனமழை. 11.56 என்றால் மிக கனமழை, 20.45 என்றால் அதி கனமழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் கணக்கில் 6.4 என்றால் அது மிதமான மழைதான். சாக்கடை அடைப்பு அவர்கள் இலாகா இல்லை.

எங்கள் வீட்டில் அகராதி வேறு. அதன் பதிப்பாசிரியர் பெரியம்மா. ‘மப்பும் மந்தாரமுமா இருக்கு’ என்றால் அன்றைக்கு வடகம் கிடையாது. ‘தூறுது’ என்றால் கொடித்துணி இன்னும் கொஞ்சம் கிடக்கலாம். ‘பிடிச்சுக்கிச்சு’ என்றால் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் மாடிக்கு ஓட வேண்டும் (எப்போதும் நான்தான் சும்மா இருப்பேன்). ‘விட்டிருக்கு’ என்றால் பால் வாங்கி வரவேண்டும், அதுவும் நான்தான்.

“டிவியில என்னடா சொல்றான்?”

“வெப்பச்சலனமாம் பெரியம்மா.”

“அது கிடக்கட்டும். கூழ் கிண்டலாமா, வேணாமா?”

தரை சூடேறி, காற்று மேலே போய், மேகம் திரண்டு, பெரும்பாலும் மாலையில் இடியோடு கொட்டும் என்று விளக்கினேன். “அப்ப மூணு மணிக்குள்ள எடுத்துடலாம்” என்று அடுப்பைப் பற்றவைத்தார். அறிவியலை இவ்வளவு விரைவாகக் காசாக்கியவரை நான் பார்த்ததில்லை.

மழையைச் சென்டிமீட்டரில் சொல்வதுதான் அவருக்குப் பிடிக்காது. “தண்ணியை யாராவது ஸ்கேல் வெச்சு அளப்பாங்களா?” ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். 13 செ.மீ. என்றால் பெரிய லாரி ஒன்று, 12,000 லிட்டர். லாரி என்றதும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் மழைக்கு அலகு லாரி.

புயல் விஷயத்தில் எனக்கே ஒரு மரியாதை உண்டு. அரசு உத்தியோகம்போல அதற்கும் படிப்படியான பதவி உயர்வு. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் புயல் என்ற பட்டமும் பெயரும். பெயர்களை இந்த வட்டார நாடுகள் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கின்றன. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை மரங்களைச் சாய்த்த வர்தா, பாகிஸ்தான் வைத்த பெயர். பெரியம்மா காதில் அது ‘வரதா’ என்று விழுந்துவிட்டது. “பெருமாள் பேரை வெச்சுக்கிட்டு இந்த ஆட்டமா?” என்று இன்றுவரை மனத்தாங்கல்.

வெயிலில்தான் பெரியம்மாவும் வானிலை மையமும் ஒத்துப்போவதில்லை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி, பஞ்சாங்கச் சரக்கு. மையத்தின் ஏட்டில் அப்படி ஒன்று இல்லை. அவர்களுக்கு ‘இயல்பைவிட 3 டிகிரி அதிகம்’ என்றால் போதும். இயல்பு என்பது 30 ஆண்டுச் சராசரி. அப்படி இயல்பாக நடந்துகொண்ட ஒரு மே மாதத்தை எனக்கு நினைவில்லை.

கத்திரியைப் பொய்யாக்க என்னிடம் ஓர் ஆதாரம் உண்டு. சென்னையில் பதிவான உச்ச வெயில் 45 டிகிரி. நாள், 2003 மே 31. கத்திரிக்கு விடைகொடுத்த பிறகு! இதைச் சொல்லிவிட்டு வெற்றியோடு பெரியம்மா முகத்தைப் பார்த்தேன்.

“முடிஞ்சுதுன்னு பஞ்சாங்கம்தானே சொல்லுச்சு? வெயில் சொல்லுச்சா?”