லண்டனுக்குக் காரு விடற மாப்ளைக்கு

ஏம் மாப்ள, நாமக்கல்லுல இருந்து லண்டனுக்குக் காருலயே போறியாமே? ரொம்பச் சந்தோசம். காலம்பூரா லாரி ஓட்டியும் நேபாள எல்லையில ரக்சால் செக்போஸ்டைக் கண்ணால பாத்துட்டுத் திரும்பினவன் நான். அதையுந் தாண்டிப் போறவனுக்குப் புத்தி சொல்ல எனக்கென்ன யோக்கியதை? ஆனாலும் வாயி சும்மா கெடக்க மாட்டேங்குது. கேட்டாக் கேளு. கேக்காட்டி இன்னும் நல்லது. திரும்பி வந்து அளக்க உனக்கும் நாலு கதை வேணுமில்ல?

ஏற்பாடெல்லாம் பாத்தேன். பலே! கூரை மேல கூடாரம், டிக்கியில ஃபிரிட்ஜு, பறக்கவிட ஒரு கேமரா. பின்கண்ணாடி பூராவும் போற நாட்டுக் கொடியெல்லாம் வரிசையா ஒட்டியாச்சு. விசா எத்தன ஒட்டியாச்சுன்னு கேட்டா, "அது பாத்துக்கலாம் மாமா"ங்கற. அதுதாஞ் சரி. கொடி ஒட்டறவன் காசோட விட்டுருவான். விசா ஒட்டறவன் பேங்க்கு ஸ்டேட்மெண்டுங் கேப்பான், எதுக்கு வர்றேன்னுங் கேப்பான். மானஸ்தன் அவங்கிட்டப் போயி நிக்கலாமா?

இத்தனை ஸ்டிக்கரு ஒட்டினவன் ஒட்டவேண்டிய ஒண்ணை விட்டுட்ட. வெளிநாட்டு ரோட்டுல ஏறற நம்மூர் வண்டிக்குப் பின்னால, வெள்ளை முட்டைவட்டத்துல கறுப்பா 'ஐஎன்டி'ன்னு மூணு இங்கிலீசு எழுத்து இருக்கோணும். அப்பறம் அந்த டிஎன் 28 நம்பரு. 8055-ஐ நெளிச்சு 'பாஸ்'னு படிக்கற மாதிரி எழுதி வெச்சிருக்கியே, அதை மாத்திரு. எந்த ஊரு செக்போஸ்டுலயும் அங்க உக்காந்திருக்கறவந்தான் பாஸு.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. வண்டி ரோட்டுல டீசல்ல ஓடும். எல்லையில காயிதத்துலதான் ஓடும்.

வழி என்னன்னு பாப்போம். மேக்கால வாகான்னா, அட்டாரி கேட்டை 2025-லயே இழுத்து மூடியாச்சு. கெழக்கால மணிப்பூரு மோரே. அங்கிருந்து பர்மா வழியா தாய்லாந்து மே சோட் வரைக்கும் 1,360 கிலோமீட்டருக்கு மூணு நாட்டு நெடுஞ்சாலைன்னு 2002-ல பேச்செடுத்தாங்க. பேச்சு நல்லாத்தான் ஓடுது. ரோடு இன்னும் முடியல. 2021-ல பர்மாவுல பட்டாளம் ஆட்சியப் புடிச்சதுல இருந்து அந்தப் பக்கம் காரு விடறவன் யோசிச்சுத்தான் விடோணும். ஆனா மோரே வரைக்கும் போனா நட்டமில்ல. 1960-கள்ல பர்மாவ விட்டு வந்த நம்மாளுங்க அங்கயே தங்கி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலே கட்டியிருக்காங்க. ஆத்தாளைக் கும்பிட்டுத் திரும்பிரு. கேட்டுக்கு அக்கட்டால போக அவ உத்தரவு மட்டும் பத்தாது.

மிச்சம் வடக்கு. நேபாளம், திபெத்து, சீனா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யான்னு சுத்தோணும். நேபாளத்துல பன்சார்னு சுங்கச்சீட்டு. இருக்கற நாளுக்குத் தக்கனக் காசு. கடியாரத்தைக் கால் மணி முன்னால தள்ளிக்கோ. அங்கிருந்து திபெத்துக்கு ஏறற தாத்தோபானி வழி 2015 பூகம்பத்துல மூடி, தெறக்க 2019 ஆச்சு. இன்னொரு வழி ரசுவாகடி. அந்தப் பாலத்தை 2025 ஜூலையில வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. போன் மேப்புல நீலக்கோடு நிக்காம ஓடுது, பாத்தேன். பாலம் போனது கோட்டுக்குத் தெரியறதுக்குள்ள நீ கரையில நிப்ப.

சீனாவுல உன்ற இன்டர்நேஷனல் பெர்மிட்டு செல்லாது. ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு வருசத்துக்குத் தர்றானே, அதுதான். அந்த ஊருக்குத் தற்காலிக லைசென்சு தனி, தற்காலிக நம்பரு தனி. எல்லாம் அங்கத்த ஏஜென்சி மூலமா. அதோட, இந்த எல்லையில ஏறி அந்த எல்லையில எறங்கற வரைக்கும் ஒரு வழிகாட்டி கூடவே வருவாரு. அவரு செலவும் உன் தலையிலதான். சீட்டுக் கணக்குப் போட்டியா? நீ, உம் பொண்டாட்டிப் புள்ள, ரெண்டு குழந்தைங்க, சாமான் மூட்டை. வழிகாட்டிய எங்க வெப்ப? ஃபிரிட்ஜுக்குள்ளயா?

அடுத்தது கார்னெட்டு. காருக்குப் பாஸ்போர்ட்டுன்னு வெச்சுக்கோ. வழி மாறி ஈரான் மாதிரி நாட்டுக்குள்ள போனா, அது இல்லாம டயரு உருளாது. இது நம்ம மொய் நோட்டுதான் மாப்ள. நாட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூணு துண்டு. உள்ள போறப்ப அடித்துண்டைக் கிழிச்சுக்குவான், வெளிய வர்றப்ப நடுத்துண்டை. மேல்துண்டு உங்கிட்டயே நிக்கும். வந்த முத்திரை, போன முத்திரை ரெண்டும் அதுல விழுந்திருக்கோணும். போன முத்திரை இல்லைன்னா, காரை அங்கயே வித்துட்டேன்னு கணக்கெழுதி வரியக் கேப்பான். அதுக்குத்தான் மொதல்லயே பேங்க்கு கேரண்டி வாங்கறது. கேட்டு தெறந்து கெடக்குதேன்னு அழுத்திராத. ஆபீசர் தூங்கினாலும் எழுப்பி, முத்திரைய வாங்கி, தேதியப் படிச்சுப் பாத்துட்டு அப்பறமா வண்டிய எடு.

ஆர்.சி. யாரு பேருல? உங்கப்பன் பேருல. எச்.பி. கடன் இன்னும் அடையல. அப்ப ஃபைனான்ஸ்காரங்கிட்ட என்.ஓ.சி.யும், உங்கப்பங்கிட்டச் சம்மதக் கையெழுத்தும் வேணும். ரெண்டுல எது கஷ்டம்னு உனக்கே தெரியும்.

விசா சங்கதி இன்னும் ருசியானது. பாஸ்போர்ட்டு ஒண்ணு, அதைக் கேக்கற தூதரகம் நாலஞ்சு. ஒருத்தங்கிட்டப் போனா வந்தபொறகுதான் அடுத்தவனுக்கு. ஐரோப்பாவுக்குள்ள நொழையற ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசத்துக்கு மேல முந்தி மனுப் போட்டா வாங்கமாட்டான். பிந்தினா நீ பாதி ரோட்டுல இருப்ப. கெடைச்சாலும் 180 நாளைக்குள்ள 90 நாளுதான் இருக்கலாம். நீ மெனக்கெட்டுப் போற லண்டனுக்கு அது செல்லவுஞ் செல்லாது. பிரிட்டன் விசா தனி. அது கெடைக்காட்டியும் வருத்தப்படாத. பிரான்சுல கலே கரையில நின்னா, வானம் தெளிஞ்ச நாள்ல அக்கட்டால இங்கிலாந்து வெள்ளைப்பாறை தெரியுமாம். பாக்கறதுக்கு முத்திரை வேண்டியதில்ல.

இப்ப ஓட்டற சங்கதி. நேபாளத்தோட இடதுபக்க ரோடு முடிஞ்சுது. திபெத்துல ஏறினதுல இருந்து கலே வரைக்கும் வலதுபக்கந்தான். நம்ம ஸ்டியரிங்கும் வலதுபக்கம். முன்னால ஒரு டிரெய்லரு போகுதுன்னு வெச்சுக்கோ. தாண்டலாம்னு பாத்தா உன் கண்ணுக்கு அதோட முதுகு மட்டுந்தான் தெரியும். எதிர்ல வர்றது இடதுசீட்டுல உக்காந்தவங்களுக்குத்தான் தெரியும். இத்தனை நாளா "நீ சும்மா உக்காரு"ன்னு அதட்டினியே, அந்தப் புள்ள "வரலாம் வரலாம்"னு கிளீனரு சத்தம் குடுத்தாத்தான் இனி ஆக்சிலேட்டரு. காலையில சண்டை போட்டியா, அன்னைக்குப் பூராவும் டிரெய்லரு பொறகாலயே போ. ஹெட்லைட்டையும் கவனி. நம்ம விளக்கு இடதுபக்கமாச் சாஞ்சு அடிக்கும். அங்க அது எதிர்ல வர்றவன் மூஞ்சியில விழும். கண்ணாடியில ஒட்டி மறைக்க ஸ்டிக்கரு விக்கறான். இது நெசமாவே தேவைப்படற ஸ்டிக்கரு, அதனால உன் லிஸ்டுல இருக்காது.

கொல்லிமலை 70 கொண்டைஊசியையும் ஒரே மூச்சுல ஏறினவன்னு மார்தட்டற. கொல்லிமலை 1,300 மீட்டரு சொச்சம். திபெத்துக் கணவாய்ங்க 5,000-த்தத் தாண்டும். வண்டிக்கு முந்தி உனக்குத்தான் மூச்சு வாங்கும். தங்கித் தங்கித்தான் ஏறோணும். டீசலையும் பாத்துப் புடி. உன்றது பி.எஸ். 6 வண்டி, கந்தகங் கொறைஞ்ச டீசல் குடிச்சே வளந்தது. கண்ட பங்க்குல ஊத்தினா சைலென்சர் ஃபில்டரு அடைச்சுக்கும்.

இதெல்லாங் கேட்டு மூஞ்சி வாடிருச்சே? போகவேண்டாம்னா சொன்னேன்? எஞ் சொல்லைக் கேட்டா மொதல்ல பூட்டான் போயிட்டு வா. ஜெய்காவுக்கும் புன்ட்ஷோலிங்குக்கும் நடுவுல ஒரு கேட்டுதான். நமக்கு விசா கெடையாது. பாஸ்போர்ட்டோ ஓட்டுப்போடற அட்டையோ போதும், ஆதாரைக் காட்டினா எடுபடாது. பெரியவங்களுக்கு ராத்திரிக்கு ஆளுக்கு 1,200 ரூபா, வண்டிக்குத் தனிப் பெர்மிட்டு. இன்சூரன்சையும் கொஞ்சம் சேத்துக் கட்டி பூட்டானுக்கு நீட்டிக்கலாம். திம்புல சிக்னலே இல்ல. போலீசுக்காரரு கைய ஆட்டித்தான் வண்டிய விடுவாரு. அந்த ஒரே கேட்டுல எத்தன காயிதம் விட்டுப்போச்சுன்னு உனக்கே தெரிஞ்சு போகும். மிச்சக் கேட்டுக்குப் பாடம் அதுதான்.

பூட்டானுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். அங்கயும் இடதுபக்கந்தான், நீயே பாத்து ஏறிக்குவ. லண்டனுக்குக் கெளம்பறப்ப மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. அந்தப் புள்ளைக்கும் உனக்கும் சண்டை வர்ற அன்னைக்கு இடதுசீட்டுல ஒரு ஆளு வேணுமில்ல? எனக்குப் பாஸ்போர்ட்டு போன மாசமே வந்திருச்சு.