இரண்டாவது ஸ்டிக்கர்: ஸ்போர்ட்ஸ் கார் மேல்விலை குறித்து ஓர் ஆய்வு

1. வரையறை

மேல்விலை என்பது, ஒரு புதிய காருக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைத்த விலைக்கு மேல் டீலர் தன் பொறுப்பில் ஏற்றிவைக்கும் தொகை. அமெரிக்க ஷோரூம்களில் இது 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற பெயரில் எழுதப்படும். இத்தொகைக்கு ஈடாகக் காரில் ஒரு திருகாணிகூடச் சேர்வதில்லை. குதிரைத்திறன் மாறுவதில்லை. எடை மட்டும் ஒரு காகிதத்தின் அளவு கூடுகிறது. அந்தக் காகிதமே இரண்டாவது ஸ்டிக்கர்.

மேல்விலை எல்லா வண்டிகளையும் ஒன்றுபோல் பீடிப்பதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் வேன்களைச் சாதாரணக் காலங்களில் அது தீண்டுவதில்லை. கதவு இரண்டே இருத்தல், கூரை தாழ்ந்திருத்தல், பின்னிருக்கை இல்லாமலிருத்தல் அல்லது இருந்தும் மனிதர் உட்கார முடியாமலிருத்தல் ஆகிய குணங்கள் மிகுந்த வண்டிகளிலேயே அது செழித்து வளர்கிறது. பயன்பாட்டுக்கும் மேல்விலைக்கும் இடையே தலைகீழ் விகிதம் உள்ளது என்பது இத்துறையின் முதல் விதி.

2. முதல் ஸ்டிக்கரின் தோற்றம்

மேல்விலை தோன்ற வேண்டுமானால் அதற்கு முன் விலை என்று ஒன்று தோன்றியிருக்க வேண்டும். 1950-களின் அமெரிக்காவில் அது உறுதியாக இல்லை. பழைய காரை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அந்த நல்ல விலையைப் புதிய காரின் மேல் முன்கூட்டியே ஏற்றிவைப்பது பரவலான உத்தியாக இருந்தது. வாங்கியவர் பழைய காரில் லாபம் பார்த்த திருப்தியோடு வீடு திரும்புவார்.

ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் மைக் மன்ரோனி இதை விசாரித்து, 1958-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறக் காரணமானார். அதன்படி ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் தயாரிப்பாளர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். பரிந்துரை விலை, கூடுதல் வசதிகளின் விலை, காரை டீலரிடம் கொண்டுசேர்க்கும் செலவு, கார் எந்த ஆலையில் பூட்டப்பட்டது என்ற விவரம் அனைத்தும் அதில் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கருக்கு இன்றும் மன்ரோனி என்றே பெயர்.

கார் வாங்குபவர் கைக்குப் போய்ச்சேரும் முன் இதை வேண்டுமென்றே கிழிப்பவருக்கும் திருத்துபவருக்கும், சட்ட வாசகப்படி, காருக்கு 1,000 டாலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. டீலர்கள் முதல் ஸ்டிக்கரை மிகுந்த மரியாதையோடு காப்பாற்றுவதற்கும், அதை ஒட்டியே இரண்டாவதை ஒட்டுவதற்கும் இதுவே அடிப்படை.

இச்சட்டத்தால் விளைந்த இன்னொரு பயனும் குறிப்பிடத்தக்கது. 1958-க்கு முன் தாம் எவ்வளவு அதிகம் கொடுத்தோம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இப்போது டாலர் கணக்கில், கடைசி இலக்கம் வரை சொல்ல முடிகிறது.

3. சட்டச் சூழல்

அமெரிக்காவில் புதிய கார் விற்கும் டீலர்ஷிப்கள் 16,000-க்கு மேல் உள்ளன. இவை தயாரிப்பாளரின் கிளைகள் அல்ல, தனித் தொழில்கள். தயாரிப்பாளர் காரை மொத்த விலைக்கு டீலரிடம் விற்றுவிடுகிறார். அதன்பின் அது டீலரின் சொத்து. டீலர்களை வைத்திருக்கும் தயாரிப்பாளர் அவர்களைத் தாண்டி நேரடியாக விற்பதைப் பல மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. சில்லறை விலையை டீலருக்கு ஆணையிடுவதற்கும் பல மாநிலங்களில் தடை உண்டு. 1997-இல் ஸ்டேட் ஆயில் எதிர் கான் வழக்கில், மேல்வரம்பு விலை விதிப்பது தன்னளவிலேயே குற்றமாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது கூட்டாட்சிச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. மாநிலச் சட்டமன்றங்களில் டீலர் சங்கங்களின் குரல் உரத்தது.

ஆகவே பரிந்துரை விலை பெயருக்கேற்பப் பரிந்துரை மட்டுமே. தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாட்டைப் பிளாக் டிக்கெட்டைக் கொண்டு விளக்கலாம். வேறுபாடு ஒன்றுதான்: இங்கே பிளாக்கில் விற்பவர் தியேட்டர் வாசலில் நிற்பதில்லை, கவுன்டருக்குள் உட்கார்ந்து ரசீதோடு விற்கிறார். அரசு இதில் பங்கெடுக்கவும் செய்கிறது. விற்பனை வரி என்பது உண்மையில் கொடுக்கப்பட்ட விலையின் மீது கணக்கிடப்படுவதால், கலிஃபோர்னியாவில் 10,000 டாலர் மேல்விலை கட்டியவர், மாநிலம் முழுமைக்கும் பொதுவான 7.25 விழுக்காட்டின்படி, இன்னும் 725 டாலர் கட்டுகிறார்.

4. காரணங்கள்

மேல்விலையின் மூலகாரணம் டீலரின் பேராசை என்பது பாமரக் கருத்து. பேராசை எல்லா ஆண்டுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், ஏறி இறங்கும் ஒன்றை அதைக்கொண்டு விளக்க முடியாது. உண்மையான காரணம் தயாரிப்பாளர் அறிவிக்கும் தொடக்க விலையில் இருக்கிறது.

இதற்குச் செவ்ரலே கார்வெட் நல்ல சான்று. 1953 முதல் முன்புற இயந்திரத்தோடு வந்துகொண்டிருந்த இந்தக் கார், எட்டாம் தலைமுறையில் இயந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டது. அத்தகைய அமைப்பு அதுவரை பெரும்பாலும் இத்தாலிய விலைகளோடு சேர்ந்தே கிடைத்தது. 2019 ஜூலையில் அறிமுகமான இதன் தொடக்க விலை, கொண்டுசேர்க்கும் செலவு உட்பட, 59,995 டாலர். 60,000-க்கு ஐந்து டாலர் குறைந்த அந்த எண் எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் இடம்பெற்றது. 80,000 என்று அறிவித்திருந்தால் வரிசை குறைந்திருக்கும், செய்தியும் குறைந்திருக்கும். தயாரிப்பாளர் புகழை எடுத்துக்கொண்டு, மீதியைச் சந்தையில் விட்டுவைத்தார். விட்டுவைத்ததை டீலர் எடுத்துக்கொண்டார்.

உற்பத்தியும் உதவியது. அந்த இலையுதிர் காலத்தில் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸின் தொழிலாளர்கள் ஏறத்தாழ நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கென்டக்கியின் பௌலிங் கிரீன் ஆலையில் உற்பத்தி 2020 பிப்ரவரியில்தான் தொடங்கியது. மார்ச்சில் பெருந்தொற்று வந்து ஆலையை மூடியது.

கார்கள் டீலர்களுக்குப் பங்கிடப்படும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிகம் விற்றவருக்கு அதிகப் பங்கு என்பது விதி. பெரிய டீலருக்குப் பல கார்கள் வரும்போது, சிற்றூர் டீலருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிடைக்கலாம். அவர் அந்த ஒன்றிரண்டிலேயே ஆண்டின் வருத்தங்களைத் தீர்த்துக்கொள்ள முயல்வது இயல்பு. பெரிய டீலர்கள் சிலர் பரிந்துரை விலைக்கே விற்றனர். அவர்களிடம் விலை டாலரில் ஏறாமல் மாதங்களில் ஏறியது.

இந்நிகழ்வு புதிதும் அன்று. 1989-இல் 13,800 டாலர் விலையில் வந்த மாஸ்டா மியாட்டா சில ஆயிரம் டாலர் மேல்விலையில் கைமாறியது. 2017-இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர், 2022-இல் புதிய நிஸான் ஸீ ஆகியவற்றுக்கும் அதுவே நேர்ந்தது. சிப் தட்டுப்பாடு வந்தபோது நோய் ஸ்போர்ட்ஸ் கார்களைத் தாண்டிப் பரவியது. கார் விலைத் தகவல் தரும் எட்மண்ட்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி, பரிந்துரை விலைக்கு மேல் கொடுத்தவர்கள் 2020 ஜனவரியில் 0.3 விழுக்காடு, 2022 ஜனவரியில் 82.2 விழுக்காடு. அந்த மாதம் வேன்களும் தப்பவில்லை.

5. வகைப்பாடு

மேல்விலை நான்கு வகைப்படும்.

முதலாவது, வெளிப்படை வகை. ஒரே வரி, ஒரே எண். இவ்வகை எண்கள் பெரும்பாலும் 5,000, 10,000, 20,000 எனச் சைபர்களில் முடிகின்றன. தயாரிப்பாளர் எழுதும் கொண்டுசேர்ப்புச் செலவு 1,095 என்பது போல் சில்லறையோடு நிற்கும். செலவைக் கூட்டி வந்த எண்ணுக்குச் சில்லறை இருக்கும், ஆளைப் பார்த்து வந்த எண்ணுக்கு இராது. ஸ்டிக்கரைத் தூரத்திலிருந்து பார்த்தே வகையறிய இது உதவும்.

இரண்டாவது, சேர்மான வகை. இங்கே தொகைக்கு ஈடாக ஏதோ ஒன்று தரப்படுகிறது: பெயின்ட்டுக்குப் பூச்சு, இருக்கைத் துணிக்குத் தெளிப்பு, கண்ணாடியில் வண்டி எண் பொறிப்பு, கதவு விளிம்புக்கு ரப்பர், டயருக்கு நைட்ரஜன். கடைசியாகச் சொன்னது தனிக் கவனத்துக்குரியது. சாதாரணக் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் ஏற்கெனவே இலவசமாக உள்ளது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 டிசம்பரில் இறுதியாக்கிய விதி, வாங்குபவருக்குப் பயன் தராத சேர்மானங்களைத் தடை செய்தது. இயற்கைக் காற்றில் உள்ளதைவிட அதிக நைட்ரஜன் இல்லாத நைட்ரஜன் சேவையை அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது. டீலர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. ஆணையம் முன்னறிவிப்பு நடைமுறையில் ஒரு படியைத் தாண்டிவிட்டது என்று கூறி, ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அவ்விதியை ரத்து செய்தது. காற்று பழைய நிலைக்குத் திரும்பியது.

மூன்றாவது, நிபந்தனை வகை. பரிந்துரை விலைக்கே கார் தரப்படும், ஆனால் டீலர் ஏற்பாடு செய்யும் கடனைத்தான் வாங்க வேண்டும், பழைய காரை டீலரிடமே விட வேண்டும். 1950-களின் உத்தி இங்கே தலைகீழாக நிற்கிறது: முன்பு பழைய காரில் கொடுப்பதுபோல் கொடுத்துப் புதியதில் எடுத்தார்கள், இப்போது புதியதில் விட்டுக்கொடுத்துப் பழையதில் எடுக்கிறார்கள்.

நான்காவது, மறுபிறவி வகை. டீலர்கள் சிலர் காரைத் தம் பெயரிலோ தம் நிறுவனத்தின் பெயரிலோ பதிவு செய்து, ஓட்டாமலே, பழைய கார் வரிசையில் நிறுத்துகின்றனர். பழைய காருக்குப் பரிந்துரை விலை கிடையாது. கார் புத்தம் புதியதாகவும் சட்டப்படி பழையதாகவும் ஒரே நேரத்தில் இருக்க இயலும் என்பதை இவ்வகை நிறுவுகிறது.

6. பேரத்தின் இலக்கணம்

இரண்டாவது ஸ்டிக்கரின் முன் வந்து நிற்போரில் பெரும்பாலோர் அதைப் படம் பிடித்துக்கொண்டு, நியாயத்தைப் பற்றிப் பேசிவிட்டு, வேறு காரில் ஏறிப் போவோர். எண்ணிக்கையில் குறைந்த இன்னொரு பிரிவினர், நான்கைந்து மாநிலங்களின் டீலர்களுக்குத் தொலைபேசியில் பேசி, விமானத்தில் போய், ஓட்டிக்கொண்டு திரும்புவோர். மூன்றாம் பிரிவினர் கேட்ட தொகையைக் கொடுப்போர். மேல்விலை நிலைக்க இவர்களில் ஒருவர் போதும், ஏனெனில் பல ஷோரூம்களில் கார் ஒன்றுதான் இருக்கும்.

விற்பனையாளர் தரப்பில் கையாளப்படும் வாதங்களுள் முதன்மையானது, இதே காரைப் பார்க்க மத்தியானம் ஒருவர் வரவிருக்கிறார் என்பது. இந்த மத்தியான மனிதர் மேல்விலைப் பொருளாதாரத்தின் ஆதாரத் தூண். அவர் முழுத்தொகையோடு வருபவர், பேரம் பேசாதவர், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதவர். காலையில் வருபவர்கள் யாரும் அவரைச் சந்தித்ததில்லை, மத்தியானம் வருபவர்களிடம் அவர் மாலையில் வருவதாகச் சொல்லப்படுகிறது.

7. தயாரிப்பாளரின் மருந்துகள்

மேல்விலையில் ஒரு டாலர்கூடத் தயாரிப்பாளருக்குப் போவதில்லை, வசை மட்டும் போகிறது. ஆகவே அவர் அதை எதிர்க்கிறார். ஆணையிட முடியாததால், கடிதம் எழுதுகிறார். 2022 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் டீலர்களை எழுத்தில் எச்சரித்தது. ஃபோர்டின் தலைமை நிர்வாகி ஜிம் ஃபார்லி, தம் டீலர்களில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டினரே மேல்விலையில் விற்றதாகவும் அவர்களுக்கு வரும் கார்கள் குறையும் என்றும் கூறினார். இந்தப் பத்தையும் எட்மண்ட்ஸின் எண்பத்திரண்டையும் ஒப்பிடுவது முறையாகாது. ஒன்று ஒரு நிறுவனத்தின் டீலர்களை எண்ணியது, மற்றது நாடு முழுவதும் வாங்கியவர்களை எண்ணியது.

கடிதத்தைவிட வீரியமான மருந்து வரிசை. 2017-இல் டாட்ஜ் நிறுவனம் 3,300 சேலஞ்சர் டீமன் கார்களை அறிவித்தபோது, பரிந்துரை விலைக்கோ அதற்குக் கீழோ விற்கப்பட்ட ஆர்டர்கள் முதலில் ஆலைக்குப் போகும், மேல்விலை ஆர்டர்கள் கடைசியில் போகும் என்று விதித்தது. அதிகம் கொடுத்தவர் அதிகம் காத்திருக்க நேர்ந்தது, மேல்விலையின் தத்துவத்தையே இது கவிழ்த்தது.

வாங்கியவரே மறுநாள் டீலராகிவிடும் நோய்க்குத் தனி மருந்து உண்டு. ஃபோர்டு ஜிடி வாங்கியோர் இரண்டு ஆண்டு விற்பதில்லை என்று ஒப்பந்தம் செய்தனர். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சினா விரைவிலேயே விற்றுவிட, ஃபோர்டு 2017-இல் வழக்குத் தொடுத்தது. 2018-இல் சமரசமானது. கார்வெட் ஸீ06 வந்தபோது ஜெனரல் மோட்டர்ஸ் இனிப்பையும் கசப்பையும் கலந்து கொடுத்தது: பன்னிரண்டு மாதம் வைத்திருப்பவருக்கு 5,00,000 வெகுமதிப் புள்ளிகள், அதற்குள் விற்பவரின் காருக்கு வாரன்ட்டி அடுத்தவருக்கு மாறாது.

8. தேய்வு

மருந்துகள் எதுவும் செய்யாததைக் காலம் செய்கிறது. ஆலை தொடர்ந்து ஓடுகிறது, முதலில் வாங்கத் துடித்தவர்கள் வாங்கி முடிக்கிறார்கள், போட்டி நிறுவனம் ஒரு புதிய மாடலைக் காட்டுகிறது, கடன் வட்டி ஏறுகிறது. மேல்விலை முதலில் 'பேசித் தீர்க்கலாம்' என்ற நிலைக்கும், பின் பெயின்ட் பூச்சின் அளவுக்கும் சுருங்கி, ஒருநாள் ஸ்டிக்கரோடு உரிக்கப்படுகிறது. மத்தியான மனிதரும் வருவதை நிறுத்திக்கொள்கிறார். மேல்விலையோடு அறிமுகமான நிஸான் ஸீ, சில ஆண்டுகளுக்குள் தள்ளுபடி விளம்பரங்களில் இடம்பெறத் தொடங்கியது.

தள்ளுபடி என்பது கோட்பாட்டளவில் எதிர்க்குறி இட்ட மேல்விலையே. அதே கார், அதே டீலர், அதே சந்தை. கணக்கில் வேறுபாடு ஏதும் இல்லை, பொறுப்பேற்பதில் மட்டுமே உண்டு: விலை ஏறியபோது அதைச் செய்தது சந்தை, இறங்கும்போது செய்வது டீலரின் தாராள மனம்.