சோக்கை இழுங்க சார்!

போன ஞாயிற்றுக்கிழமை கீழவாசல் பக்கம் ஒரு காயலான் கடையில் கயிறு இழுத்த தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கு வேண்டியது ரெண்டு ஹெச்பியில் ஒரு பழைய பெட்ரோல் இன்ஜின்.

தஞ்சாவூரில் இன்ஜினுக்கா பஞ்சம் என்பீர்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத வருஷம், வாய்க்காலில் கிடக்கிற கொஞ்சநஞ்சத் தண்ணீரை இறைக்க வேண்டுமே என்று ஒருவரும் விற்க மாட்டார். திறந்த வருஷம் போய்க் கேட்டால், "இப்பத்தான் சார் எடைக்குப் போட்டேன்." மிஞ்சியது ஆயில் இன்ஜின். அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும்.

அன்று கண்ணில் பட்டது, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற பம்புசெட் இன்ஜின். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை கிளம்பாது. யார் செய்கிறார்கள்?

ஒரு இழு இழுத்தேன். டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "சோக்கை இழுங்க சார்" என்றார். இழுத்தேன். "ஐயோ, ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு, சோக்கை ஆஃப் பண்ணுங்க" என்றது ஒரு வேட்டி. "ப்ளக்கைக் கழட்டித் தொடைங்க" என்றது ஒரு லுங்கி. துடைத்தோம். துணியால் துடைக்கக் கூடாதாம், உப்புத்தாளால் தேய்க்க வேண்டுமாம். உப்புத்தாள் வாங்கப் போன பையன் போனவன்தான். அதற்குள் சைக்கிளில் வந்த தபால்காரர் இறங்கி, நான் இழுக்கிற கோணமே தப்பு என்று தானே இழுத்துக் காட்டினார். லுங்கிக்கு ரோஷம் வந்து அவரும் இழுத்தார். வேட்டியும் இழுத்தது. இன்ஜின் மட்டும் சும்மா இருந்தது.

"டிவிஎஸ் 50 இன்ஜினை வைங்க சார், யானை மாதிரி இழுக்கும்" என்றார் புதிதாக வந்தவர். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த வண்டி; நெல்மூட்டையோடு மூன்று பேரையும் சுமக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஓடும்போது படுகிற காற்றில்தான் அதற்குக் குளிர்ச்சி, நிறுத்திவைத்து ஓட்டினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்றேன்.

"முன்னாடி ஒரு டேபிள் ஃபேன் வைங்க."

கடைசியில் இன்ஜின் ஒருமுறை தும்மியது. கூட்டம் கைதட்டியது. கடைக்காரர் உடனே ஐந்நூறு ரூபாய் ஏற்றிவிட்டார்.

ஒரத்தநாடு, திருவையாறு பக்கம் உங்கள் கொட்டகையில் இந்த ரகம் கிடந்தால் சொல்லுங்கள். பிஸ்டன் இறுகியிருந்தாலும் பரவாயில்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துக் காட்டாதீர்கள்.