குறிஞ்சியில் நெய்தல்: கொடைக்கானலில் கடல்மீன் தொட்டி வைப்போர் பிழைகள் குறித்த ஒரு சிற்றாய்வு

திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் தீர்ப்பு. குறிஞ்சிக்குரிய புணர்தல் ஒரு நெய்தற்கரையில் நடந்தால் இலக்கணம் கண்டுகொள்ளாது. மலையும் கடலும் ஒரே இடத்தில் இருப்பதாகப் பாடினால் மட்டும் புலவரை எழுப்பி நிறுத்திவிடும். இந்த விதியை மீறுவதற்கென்றே செய்தது போன்ற ஒரு பொருள் இன்று கடைகளில் கிடைக்கிறது: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீரை ஊற்றி, கோமாளி மீன் இரண்டை விட்டு, கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் வைத்தால் நிலம் மயங்கிவிட்டது என்று பொருள். சில நாளில் மீனும் மயங்கிவிடும்.

ஆய்வுக்களம் மேற்பழனி மலையின் மேலுள்ள கொடைக்கானல். எடுத்துக்கொண்ட மாதிரி ஒன்றே ஒன்று: நாயுடுபுரத்தில் குடியிருப்பதாக வைத்துக்கொண்ட ஒரு தொட்டிக்காரர். அப்படி ஒருவர் கிடையாது. புதிதாகக் கடல்மீன் வளர்ப்பவர்கள் எங்கும் செய்கிற பிழைகளையெல்லாம் ஒரே ஆளின் தலையில் ஏற்றி மலைக்கு பஸ் ஏற்றிவிட்டிருக்கிறது இக்கட்டுரை. மாதிரியின் அளவு போதாது என்று ஆட்சேபிப்பவர்கள், பல்கலைக்கழக நூலகங்களில் பைண்டு செய்து அடுக்கியிருக்கும் ஆய்வேடுகளில் இரண்டைப் புரட்டிவிட்டு வரலாம்.

முன்னாய்வுகளில் முதலிடம் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்சுக்கு. கொடைக்கானலின் முதல் மீன்தொட்டியை 1863-இல் அமைத்தவர் அவர்தான். ஓடைகளை மறித்து அணை கட்டினார், தண்ணீர் தேங்கியது, மீன் விட்டார். தொட்டியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். இன்று மக்கள் அதைச் சுற்றிக் குதிரை ஓட்டிச் சுட்ட சோளம் தின்கிறார்கள். ஏரியில் விடுவதற்கு ஒரு படகு வேண்டுமென்று லெவிஞ்ச் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். ஆய்வுலகம் கவனிக்கத் தவறிய இடம் இதுதான். தூத்துக்குடி வரை ஆள் அனுப்பி, ஒரு படகையே மலைமேல் ஏற்றிய மனிதர், கூடவே நாலு பீப்பாய் கடல்நீரைக் கொண்டுவரச் சொல்லவில்லை. கப்பலும் கடலும் தெரிந்த நாட்டிலிருந்து வந்தவர் இதை மறந்திருப்பார் என்று நம்ப முடியாது. வேண்டாமென்று விட்டிருக்கிறார்.

இந்த நில ஒழுங்கு பின்னாலும் காப்பாற்றப்பட்டது. 1909-இல் சென்னை மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறந்தது. அரசு அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டம் அது. அதே 1909-இல் கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். கரையில் இருந்தவர்கள் மீனைப் பார்த்தார்கள், மலையில் இருந்தவர்கள் சூரியனைப் பார்த்தார்கள். அவரவர் நிலத்துக்கு அவரவர் கருப்பொருள்.

நாயுடுபுரத்துத் தொட்டிக்காரரின் முதல் பிழை உப்பு. கடல்நீர் என்பது உப்புப் போட்ட தண்ணீர் என்பது அவருடைய கருதுகோள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. மளிகைக் கடையில் தூத்துக்குடிக் கல்லுப்பு கிடைக்கிறது, அது கடலிலிருந்து வந்ததுதான், தண்ணீரில் போட்டால் மறுபடி கடலாகிவிட வேண்டியதுதானே? ஆகாது. உப்பளத்துப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் முதலில் படிந்து ஒதுங்கிவிடும். அப்புறம்தான் சோற்றுப்பு விளையும். கடைசியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் மெக்னீசியம் நிற்கும், அதை வடித்துவிடுவார்கள். சாம்பாருக்கு அது நல்லது. மீனுக்கும் பவளத்துக்கும் நத்தைக்கும் வேண்டியதோ, ஒதுங்கிப்போனதும் வடித்துவிட்டதும்தான்: லிட்டர் கடல்நீரில் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலே, மெக்னீசியம் ஏறத்தாழ 1,300 மில்லிகிராம். 'அக்வேரியம்' என்ற சொல்லைப் புத்தகத் தலைப்பாக்கிப் பரப்பிய ஆங்கிலேயர் ஃபிலிப் ஹென்றி காஸ், 1854-இலேயே செயற்கைக் கடல்நீர் கலந்து பார்த்தவர். அவருடைய கலவையில் சாப்பாட்டு உப்போடு எப்சம் உப்பும், மெக்னீசியம், பொட்டாசியம் குளோரைடுகளும் இருந்தன. 170 ஆண்டுக்கு முன்பே தெரிந்துவிட்ட சங்கதி மளிகைக் கடை வரை இன்னும் வந்து சேரவில்லை.

சங்க காலத்தில் உமணர்கள் வண்டி கட்டி உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இக்கால உமணர் கூரியர்காரர். செயற்கைக் கடலுப்புப் பொட்டலத்தை வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டடித் தொட்டி 56 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் போட்டால் இரண்டு கிலோ. கணக்கு சுலபம், அளப்பதில்தான் மலை தன் வேலையைக் காட்டுகிறது. மார்கழி விடியலில் வாளித் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே கிடக்கிறது. உப்பின் அடர்த்தி காட்டும் மிதவைக் கருவியோ 25 டிகிரிக்குக் கணக்குப் பண்ணி அச்சடித்தது. குளிர்ந்த நீருக்கு அடர்த்தி கூடுதல் என்பதால் லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு அதிகம் இருப்பதாக அது சாதிக்கும். தொட்டிக்காரர் அதை நம்பி உப்பைக் குறைப்பார். பக்கத்தில் ஒரு வெப்பமானி இருந்திருந்தால் போதும். ஆனால் அது "அப்புறம் வாங்கிக்கலாம்" பட்டியலில் இருக்கிறது.

மீன் வாங்கச் சென்னைக்கே போனார். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் இரண்டு கோமாளி மீன், ராத்திரி பஸ். 2024 மே முதல் கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் ஏற இ-பாஸ் வேண்டும். பஸ்ஸுக்கு வேண்டாம், மீனுக்கும் வேண்டாம். பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், வாயில் ரப்பர் பேண்டு நாலு சுற்று. கடைக்காரர் பையை விறைக்க விறைக்க அடைத்துக் கொடுத்திருந்தார். பார்க்க அழகாக இருந்தது. வத்தலக்குண்டு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. முன் சீட்டுக் குழந்தையின் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் மெல்ல உப்ப ஆரம்பித்தது. டம்டம் பாறை வரும்போது மடியிலிருந்த மீன்பையில் விரல் அழுந்தவில்லை. பெருமாள்மலையில் ரப்பர் பேண்டுக்குக் கீழே 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வேட்டியில் உப்புத் தண்ணீர். கொடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 78 விழுக்காடுதான். அடைத்த வாயு அங்கே போனதும் ஏறத்தாழக் கால் பங்கு விரியும். கடல்மீனை மலைக்குக் கொண்டுபோகிறவர் கடைக்காரரிடம் "கொஞ்சம் லூசா கட்டுங்க" என்று சொல்ல வேண்டும். எந்த வளர்ப்புக் கையேட்டிலும் இந்த வாக்கியம் இருக்காது. அவையெல்லாம் சமவெளிக்காரர்கள் எழுதியவை.

அழுத்தத்தோடு ஆக்சிஜனும் குறைகிறது. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும், ஏரிமீனுக்கு அந்தச் சலுகை உண்டு. பவளப்பாறை மீனுக்கு 25, 26 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். ஹீட்டர் போட்டதும் சலுகை ரத்து. கடற்கரையில் அந்தச் சூட்டில் லிட்டர் கடல்நீர் 6¾ மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கொள்ளும், கொடைக்கானலில் 5¼. ஆகவே தண்ணீரின் மேற்பரப்பு ஓயாமல் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1846-இல் ஆனா தைன் என்ற பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். மோட்டாரா, பம்பா? வேலைக்காரப் பெண் தினமும் அரைமணி, முக்கால்மணி நேரம் திறந்த ஜன்னலோரம் நின்று அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். நம் டீ மாஸ்டர் செய்வதேதான். உலகின் முதல் கடல்தொட்டிகளில் ஒன்று ஆற்றி ஆற்றியே உயிர் வாழ்ந்தது. புகழ் எஜமானிக்குப் போனது, பெண்ணின் பெயர் வரலாற்றில் தங்கவில்லை.

ஹீட்டரும் கீழ்நாட்டுக் கணக்கில் வாங்கியதுதான். மதுரையில் கடல்தொட்டி வைப்பவருக்கு வெயில்தான் எதிரி. தண்ணீரைக் குளிர்விக்க விசிறியும் சில்லருமாக அல்லாடுவார். அந்த ஊருக்குப் போதுமான ஹீட்டர், 11 டிகிரி அறையில் 26 டிகிரியைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமென்றால் மூச்சு வாங்கும். காற்றுமழையில் ஒரு மரம் கம்பிமேல் விழுந்து கரண்டு போனால் அந்த மூச்சும் நிற்கும்.

இப்போது ஆய்வின் மையச் சிக்கல். தொட்டிக்காரர் சனிக்கிழமை தண்ணீர் கலந்தார், ஞாயிற்றுக்கிழமை மீன் விட்டார். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா கேட்டார்: "உறை ஊத்துன அன்னைக்கே தயிரு கேட்டா எப்புடிப்பா?" அப்பத்தா கேட்டது சமையலறைப் பால் பாத்திரத்தைப் பற்றி. ஆனால் கடல்தொட்டிகளைப் பற்றி அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே அறிவியல் வாக்கியம் அதுதான்.

மீன் வெளியிடும் கழிவு அம்மோனியா. கடலில் அது கரைந்து காணாமல் போகும், 56 லிட்டரில் எங்கே போகும்? அதைத் தின்ன நுண்ணுயிர்கள் வேண்டும். நைட்ரோசோமோனாஸ் வகையறா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா வகையறா அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றி நாம் வெளியேற்ற வேண்டும். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக, வெதுவெதுப்பான தண்ணீரிலேயே 4 முதல் 6 வாரம் ஆகும். பழைய தொட்டியிலிருந்து ஒரு கல் கிடைத்தால் அதுதான் உறைமோர். குளிரில் எல்லாமே மந்தம். கொடைக்கானல் வீடுகளில் பால் காய்ச்சி, வெதுவெதுப்பு ஆறுமுன் உறை ஊற்றி, பாத்திரத்தைத் துணியில் சுற்றி அடுப்பு மேடை ஓரம் ஒதுக்கி வைப்பார்கள்; மறுநாளும் உறையாமல் நீர்த்து நிற்கும் நாட்கள் உண்டு. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்தான் தொட்டிக்காரர். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சிக்கு, 2018-இல் பார்த்துவிட்டு 2030-க்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். ஆறு வாரம் காத்திருக்க மட்டும் அவருக்கு மனமில்லை.

அம்மோனியாவுக்கு நிறமில்லை. சோதனைக் குப்பியில் சொட்டு விட்டால் மஞ்சள் மெல்லப் பச்சையாகும். பச்சை அடர அடர நிலைமை மோசம். அவருடைய குப்பி கீரைச்சாறு நிறத்துக்கு வந்தது. இந்தக் கட்டத்தில் ஆட்கள் செய்வது இரண்டு. ஒன்று, மீன் சோர்ந்திருக்கிறதே என்று இன்னும் இரண்டு சிட்டிகை தீனி போடுவது. அது தின்னப்படாமல் அழுகி அம்மோனியாவாகும். இரண்டாவது, தாமிரம் கலந்த மருந்தை ஊற்றுவது. நத்தை, இறால், பவளம் முதலியவற்றுக்குத் தாமிரம் எமன்.

சின்னத் தொட்டி என்றால் சின்னச் சிரமம் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். ஹீட்டர் சூடேற்ற, தை, மாசி வறண்ட காற்று மேலே வீச, தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆறு லிட்டர் குறைந்தால் 35 என்பது 39 ஆகிவிடும். குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். தொட்டிக்காரர் உப்புத் தண்ணீரால் நிரப்பினார், ஏனென்றால் அது கடல்தொட்டி. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. லெவிஞ்சின் ஏரியில் ஆறு லிட்டர் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

மீன் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003-இல் 'ஃபைண்டிங் நீமோ' வந்ததிலிருந்து குழந்தைகள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நீமோ என்கிற கோமாளி மீனாவது சிறியது; மண்டபம், விழிஞ்ஞத்து மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையங்களும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. அதே படத்தில் வரும் டோரி என்கிற நீலமீன் ஓரடி வளரும்; இரண்டடித் தொட்டியில் அது நீந்தாது, திரும்பிக்கொண்டே இருக்கும். நாயுடுபுரத்து வீட்டில் பெரிய மீனுக்கு ராஜா என்றும் சின்னதற்கு ராணி என்றும் பெயர் வைத்தார்கள். கோமாளி மீன் இனத்தில் எல்லாம் ஆணாகவே வளரும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். ராஜாதான் ராணி. அழகுக்கு ராமேஸ்வரம் பக்கமிருந்து ஒரு பவளக்கல் கொண்டுவரலாமே என்று மைத்துனர் யோசனை சொன்னார். மன்னார் வளைகுடாவின் கல்பவளம் எல்லாம் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியின் பக்கத்தில் இருக்கிறது. செத்த கல்லும் சேர்த்திதான். மைத்துனர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல், நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். நிலம் மயங்கிய இத்தொட்டியில் இரண்டும் அதே வரிசையில் நடந்தன. ராணி ஒன்பதாம் நாள், ராஜா பதினோராம் நாள். "என்னங்க, அந்தப் பொட்டி நாறுது, வெளிய தூக்கி வைங்க" என்றார் வீட்டம்மா.

இப்போது அதே தொட்டியில் குழாய்த் தண்ணீரும் நாலு தங்கமீனும். ஹீட்டரைக் கழற்றியாயிற்று, குளிர் தங்கமீனுக்குப் பழக்கம்தான். மீந்த கடலுப்புப் பொட்டலத்தின் வாயைச் சரியாகக் கட்டாமல் விட்டதில், அதிலிருந்த மெக்னீசியமும் கால்சியமும் ஒரு பருவத்து மூடுபனியை முழுக்கக் குடிக்க, உப்பு கருங்கல்லாக இறுகிவிட்டது. ஒன்றரைக் கிலோ இருக்கும். காற்றில் அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.