பூசணிக்கு ரெட்டை முடிச்சு

வாங்க இன்ஜினியர் தம்பி. மஞ்சச் சட்டை நல்லாத்தான் இருக்கு. இருட்டுல மின்னுமாமே? மின்னட்டும். உன் காலுக்குப் பின்னால கெடக்க பள்ளமும் மின்னுமாலே?

மார்ச் 4 வந்துட்டாப் போதும், சைட்டெல்லாம் கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி. 1966-ல தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்குன நாளாம். தப்பில்ல. சித்தாளுக சட்டியை எறக்கி வச்சிட்டு வெயில்ல நிக்காக. ஒடிசாக்காரப் பையன் புரியாத பாசையில வாயசைக்கான். போட்டோ புடிச்சதும் ஹெல்மெட்டையெல்லாம் எண்ணி ஆபீஸ் ரூமுல வச்சுப் பூட்டிருதீக. எதுக்கு? ஹெல்மெட்டுக்கு அடிபட்டுரும்னா?

இந்தா, வானம் தோண்டியிருக்க. எறங்குனா ஆளே தெரியல. அள்ளுன மண்ணை எங்க குமிச்சிருக்க? பள்ளத்து ஓரத்துலயே. அஞ்சடி ஆழத்தைத் தாண்டுனா பக்கத்துக்குப் பலகை வச்சு முட்டுக் குடுக்கணும், இல்லைன்னா சரிவா வெட்டணும். மண்ணை அஞ்சடியாவது தள்ளிக் கொட்டணும். உங்க புஸ்தகத்துலயே இருக்கே, பரீட்சையோட மறந்துட்டியா? ஒரு கன மீட்டர் மண்ணு ஒன்றரை டன்னுக்குக் கொறையாது. நெஞ்சுல விழுந்தா மூச்சு வாங்க விடுமா? இதுல ஏறி வர ஏணியும் கெடையாது. உள்ள நிக்கவன் என்ன, பல்லியா?

சாரத்தைப் பாரு. நைஞ்ச கயிறு. நிக்கதுக்கு ஒத்தப் பலகை. இடுப்பு ஒயரத்துக்குக் குறுக்க ஒரு கம்பு கட்டக் கூடாதா? கயிறு இல்லையாம்! ஆனா திருஷ்டி பூசணிக்கு மட்டும் புது நைலான் கயிறு, ரெட்டை முடிச்சு. பூசணி விழுந்துறக் கூடாது பாரு. கொத்தனாரு விழலாம்.

முன்னால பச்சைத் துணி கட்டியிருக்க. தூசிக்கு ஆகும். செங்கல்லுக்கு ஆகுமா? போர்டு வேற, இங்கிலீசுல. பால் வாங்கப் போற கெழவி எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டா ஒதுங்குவா?

2014 ஜூன்ல, மெட்ராசு பக்கம் மவுலிவாக்கத்துல, 11 மாடி அப்படியே உக்காந்து போச்சு. 61 உசுரு. ஆந்திராவுல இருந்து பொழைக்க வந்த சனம் அதுல நெறைய. அங்க மட்டும் பூமி பூசை போடாமயா ஆரம்பிச்சிருப்பாக?

சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. ஓசியிலதான சொல்லுதேன். பள்ளத்தைச் சுத்தித் தகரம் அடி. மழைத் தண்ணி நின்னா சின்னப் பிள்ளைக எட்டிப் பாக்கும். சென்ட்ரிங்ல இருந்து உருவுன பலகையில ஆணியைப் புடுங்கு. கம்பியை நட்டமாத் தூக்குததுக்கு முன்ன, மேல கரண்டு வயர் போகுதான்னு அண்ணாந்து பாரு.

ஏலே, இங்க நின்னா பாக்க? தள்ளி நின்னு பாருலே. நீ நிக்கதே சாரத்துக்கு அடியிலதான்.