நெல்லையிலிருந்து ஒரு படையெடுப்பு

சென்னையின் வரலாறே விருந்தாளிக்கு இடம் கொடுத்த கதைதான். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணலில் வந்து நின்று, "கொஞ்சம் ஜவுளி எடுக்கணும், தங்க இடம் கிடைக்குமா?" என்கிற தோரணையில் கேட்டார். இந்தக் கரையை ஆண்ட தாமர்ல வெங்கடப்ப நாயக்கரும், பொட்டல்தானே என்று கொடுத்துவிட்டார். ஜவுளி எடுக்க வந்தவர்கள் அடுத்த வருஷமே கோட்டை கட்டினார்கள். 1947 வரை கிளம்பவில்லை. எங்கள் பெரியப்பா அந்த அளவுக்குப் போகவில்லை. திங்கட்கிழமையே போய்விட்டார்.

வருஷம் 1981. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். ஆறு குடும்பத்துக்கு ஒரு அடிகுழாய், ஒரு கக்கூஸ். இந்தச் சாம்ராஜ்யத்தை நோக்கி நெல்லையிலிருந்து ரயிலில் பெரியப்பா, பெரியம்மா, பிள்ளைகள், பெரியம்மாவின் தம்பி, ஒரு டின் முறுக்கு ஆகியோர் சனிக்கிழமை காலை எழும்பூரில் வந்து இறங்கினார்கள். "வருகிறோம்" என்ற கார்டு திங்கட்கிழமைத் தபாலில் வந்தது. பெரியப்பாவே அதை வாங்கி அப்பாவிடம் நீட்டி, "எழுதிட்டுத்தாம்ல வந்தேன், பாத்துக்கோ" என்றார்.

அப்பா கபாலி கோயில், கன்னிமரா நூலகம் என்று ஏதோ திட்டம் வைத்திருந்தார். "கோயில் நம்மூர்ல இல்லியா? புஸ்தகம் பாக்கவால ராத்திரி பூரா உக்காந்து வந்தோம்?" என்று அது தள்ளுபடியானது. பட்டியல் ஊரிலேயே முடிவாகியிருந்தது. செத்த காலேஜ், உயிர் காலேஜ், மூர் மார்க்கெட், எல்.ஐ.சி., சமாதி, பீச்சு. யாரும் எழுதி வைக்காத இந்தப் பட்டியல் அன்றைக்குத் தென்மாவட்டம் முழுக்க மனப்பாடம்.

செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். 1851-இல் அறிவை வளர்க்கத் தொடங்கினார்கள். ஜனங்கள் எலும்பு பார்க்க வந்தார்கள். திமிங்கில எலும்புக்கூட்டின் தலையிலிருந்து வால்வரை நடந்து பார்த்த பெரியம்மா, "இதுக்கு எவ்வளவு புளி கரைக்கணும்!" என்று மலைத்து நின்றாள். சோழர் காலத்து நடராஜர் பக்கத்துக் கட்டடத்தில் ஒற்றைக் காலில் காத்திருந்தார். அவரை யாரும் சீந்தவில்லை.

உயிர் காலேஜ், அதாவது மிருகக்காட்சி சாலை, அப்போது மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. சிங்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பிள்ளைகள் கூப்பிட்டார்கள், கைதட்டினார்கள், மாமா விசிலடித்தார். வால் நுனிகூட அசையவில்லை. காலையில் பார்த்த பாடம் பண்ணிய மிருகங்களாவது மரியாதையாக நின்றுகொண்டு எங்களைப் பார்த்தன. பெரியப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஏல, போர்டை மாத்தி மாட்டிட்டானுவளோ?" என்றார். அப்பாவிடம் பதில் இல்லை. எனக்கு இன்றும் அது நியாயமான சந்தேகமாகத்தான் படுகிறது.

மூர் மார்க்கெட்டில் ஒரு கைக்கடிகாரத்துக்கு நாற்பது ரூபாய் சொன்னார்கள். பெரியப்பா பத்து என்றார். கடைக்காரர் உடனே கட்டிக் கொடுத்துவிட்டார். அங்கேயே பெரியப்பாவின் முகம் செத்துப்போனது. அஞ்சு கேட்டிருக்கலாமோ என்று மவுண்ட் ரோடு வரை புலம்பிக்கொண்டே வந்தவர், எல்.ஐ.சி.யின் பதினான்கு மாடிகளையும் எண்ணி முடித்தபிறகுதான் ஆறினார்.

ஞாயிற்றுக்கிழமை சமாதி, பீச்சு, சுண்டல் எல்லாம் நாலு மணிக்குள் முடிந்தது. முடித்தாக வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கார அம்மாள் வீட்டு டிவியில் படம். சென்னைத் தூர்தர்ஷன் 1975-இலேயே வந்துவிட்டாலும் நெல்லைப் பக்கம் அது எட்டவில்லை. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தவர்கள், வங்காள விரிகுடாவுக்கு முதுகைக் காட்டி ஓடி, கூடத்தில் சம்மணம் போட்டு, ஏற்கெனவே டூரிங் டாக்கீஸில் பார்த்த படத்தை மறுபடி பார்த்தார்கள். ஊருக்குப் போய்ப் பட்டணத்தைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெட்டியைப் பற்றித்தானாம்.

1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அதே வருஷம் வண்டலூர்ப் பூங்கா திறந்தது. திமிங்கிலம் மட்டும் எழும்பூரிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் கார்டுக்கு முந்தி யாராவது வந்து இறங்கினால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மியூசியத்துக்கு லீவு.